துருவக் கடற்பனியும் கடைமடைக் கண்மாயும்

வட துருவத்தைச் சூழ்ந்த ஆர்க்டிக் பெருங்கடலின் நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது. உப்பு கலந்திருப்பதால் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதல் குளிர் அதற்குத் தேவை. உறையும்போது உப்பின் பெரும்பகுதியை அடியிலுள்ள நீருக்குள் தள்ளிவிட்டு, ஒன்று முதல் மூன்று மீட்டர் கனமுள்ள பாளமாக அது மிதக்கிறது. இதுதான் கடற்பனி. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் யுகயுகமாகப் படிந்து கிடக்கும் பனிப்போர்வை வேறு. கடல்நீரே உறைந்து ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் கடற்பனி வேறு. செய்திகளில் இவ்விரண்டும் குழம்பிவிடுவதால், கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயர்ந்து கரையோர ஊர்கள் மூழ்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்கு ஈடான நீரை விலக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அது உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடற்பனி இழப்பின் விளைவுகள் காற்றின் வழியாகவும் கடல் நீரோட்டத்தின் வழியாகவும் வருகின்றன. அவை சுற்றிவளைத்து வருபவை. அதனால்தான் எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆர்க்டிக் கடற்பனி மார்ச் மாதத்தில் உச்ச அளவுக்கு விரியும். செப்டம்பர் நடுவில் மிகக் குறையும். செயற்கைக்கோள்கள் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கிய 1979இல் செப்டம்பர் அளவு 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டியிருந்தது. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. மிஞ்சியது ஏறத்தாழ ஓர் இந்தியாவின் பரப்பு. காணாமல் போனதும் அதே அளவு. 2012இன் சாதனை அதன்பின் முறியடிக்கப்படவில்லை என்பதைக் காட்டி, பனி மீண்டுவிட்டதாக வாதிடுவோர் உண்டு. ஆனால், பதிவிலுள்ள மிகக் குறைந்த செப்டம்பர் அளவுகள் எல்லாமே 2007 முதலான ஆண்டுகளுடையவை. குளிர்கால உச்சமும் தேய்கிறது: 2025 மார்ச்சில் அது சுமார் 143 லட்சமாக, அதுவரையிலான பதிவுகளில் மிகக் குறைவாக இருந்தது. பரப்பைவிடக் கனத்தில் ஏற்பட்டிருக்கும் இழப்பு இன்னும் பெரிது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் உருகாமல் நிலைத்த பழைய பனி, 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இன்று ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. இப்போது மிதப்பது பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்தில் உறைந்த மெல்லிய பனி; ஒரு கோடையைத் தாங்காது.

தென் துருவத்தின் கதை வேறு. அங்கே நடுவில் கண்டம், சுற்றிலும் கடல். 2014 வரை அண்டார்டிகக் கடற்பனி மெல்லக் கூடியே வந்தது. புவி வெப்பமாதலை மறுப்பவர்களுக்கு அது பிடித்தமான எடுத்துக்காட்டாகவும் இருந்தது. 2016இல் அது திடீரென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்து, அந்த ஆண்டின் குளிர்கால உச்சத்திலும் முந்தைய குறைந்தபட்ச உச்சத்தைவிட ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பற்றாக்குறையுடன் நின்றது. ஆழத்தில் தேங்கிய வெப்பம் மேலேறி வருவது இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விவாதம் முடியவில்லை.

வெண்மை போய்க் கருமை

புதுப்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் திருப்பி அனுப்புவது ஆறு விழுக்காட்டை ஒட்டித்தான். மீதி முழுவதையும் விழுங்கிக்கொள்ளும். பனி விலகிய இடத்தில் கடல் சூடாகிறது. சூடான கடல் அருகிலுள்ள பனியை உருக்குகிறது. அதனால் இன்னும் அதிகக் கடல் திறந்துகொள்கிறது. ஆர்க்டிக் வட்டாரம் 1979க்குப் பிறகு உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

கோடையில் விழுங்கிய வெப்பத்தைக் கடல் வைத்துக்கொள்வதும் இல்லை. அக்டோபர், நவம்பரில் சூரியன் மறைந்த பிறகு, பனி மூடி இல்லாத நீர் அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றுக்கு விடுகிறது. ஆகவே, துருவ வட்டாரத்தின் வெப்ப உயர்வு மிகுதியாகத் தெரிவது கோடையில் இல்லை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையாக இருக்கும் மாதங்களும் அவையே. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு உடனே முடிவுக்குப் பாய்ந்துவிடக் கூடாது என்றாலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஒரு நிலப்பகுதி கவனிக்க வேண்டிய காலப் பொருத்தம் அது.

பூமியின் நடுப்பகுதிக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடுதான் மேற்கிலிருந்து கிழக்காக, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பாயும் ஜெட் காற்றோட்டத்துக்கு விசை. துருவம் வேகமாகச் சூடானால் வேறுபாடு குறையும். காற்றோட்டம் தளர்ந்து, வடக்கும் தெற்குமாகப் பெரிய வளைவுகள் எடுத்து, ஒரே இடத்தில் நெடுநாள் தங்கும் வானிலையை உண்டாக்கும். இந்தக் கருத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் 2012இல் முன்வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்து, மின்சாரம் இல்லாமல் மக்கள் மடிந்தபோது இந்த விளக்கம் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால், கணினி மாதிரிகள் இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை. வெப்பமண்டலத்தின் மேலடுக்குக் காற்று சூடாவது ஜெட் காற்றோட்டத்தை எதிர்த்திசையில் இழுக்கிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2021இல் வெளியிட்ட ஆறாம் மதிப்பீட்டறிக்கையும் இந்தத் தொடர்பில் குறைந்த நம்பிக்கையையே தெரிவித்தது.

பருவமழையை எட்டும் வழி

இந்தியப் பருவமழையைத் தொலைதூரப் பனியோடு இணைத்துப் பார்ப்பது புதிதில்லை. 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுந்தால் அடுத்த பருவமழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். அந்தக் கணிப்பை நம்பியே 1886இல் இந்தியாவின் முதல் நீண்டகால மழை முன்னறிவிப்பு வெளியானது. 1876–78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்டபாடு அதற்குப் பின்னணி. 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பனியை மட்டும் நம்பினால் போதாது என்று உலகெங்கும் காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டினார். இன்று எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படும் தென் அலைவு என்ற கண்டுபிடிப்பு அப்படிப் பிறந்தது. இந்திய மழையைப் புரிந்துகொள்ளப் போனவரே வட அட்லாண்டிக் அலைவுக்கும் பெயரிட்டவர் என்பது, தொலைவு என்பது காற்றுமண்டலத்துக்கு எவ்வளவு அற்பமானது என்பதைக் காட்டும்.

கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையில் வருகிறது. ரஷ்யாவுக்கு வடக்கேயுள்ள காரா கடலில் கோடைப் பனி குறையும்போது, அதற்கு மேலுள்ள காற்று சூடாகி, வடமேற்கு ஐரோப்பா மீது உயர் அழுத்தம் வலுக்கிறது. அதிலிருந்து கிளம்பும் பெரிய அலை ஆசியாவைக் கடந்து இந்தியாவின் மேலடுக்குக் காற்றை அசைக்கிறது. அப்போது அரபிக்கடலும் சூடாக இருந்து ஈரத்தை அளித்தால், செப்டம்பரில் மத்திய இந்தியாவில் அதிகன மழை கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. இதே மையமும் தென்கொரியத் துருவ ஆய்வு நிறுவனமும் பங்கேற்று 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு மேலும் நுட்பமானது. மத்திய ஆர்க்டிக்கில் பனி குறைந்தால் மத்திய, வட இந்தியாவில் மழை கூடும். மேற்கு இந்தியாவிலும் தீபகற்பத்திலும் குறையும். ஹட்சன் விரிகுடா, ஒகோட்ஸ்க் கடல் போன்ற இடங்களில் குறைந்தால் பருவமழை தொடங்குவது தள்ளிப்போகும். அதன் போக்கைக் கணிப்பதும் கடினமாகும். எந்தக் கடலில் பனி குறைகிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. "பனி உருகினால் மழை குறையும்" என்றோ "கூடும்" என்றோ ஒற்றை வரியில் எழுதுவது தவறு என்பதற்கு இதுவே போதும்.

இன்னொரு வழி மெதுவானது, பெரியது. வெப்பமண்டல மழைப்பட்டை எப்போதும் கூடுதல் வெப்பமுள்ள அரைக்கோளத்தின் பக்கம் சாயும். வட துருவப் பனி இழப்பால் வட அரைக்கோளம் அதிகம் சூடானால் அது வடக்கே நகர வேண்டும். ஆனால், கிரீன்லாந்திலிருந்தும் ஆர்க்டிக்கிலிருந்தும் வழியும் நன்னீர், வட அட்லாண்டிக்கில் உப்புச் செறிந்த கனத்த நீர் கீழே அமிழ்வதைத் தடுக்கிறது. அந்த அமிழ்வுதான் வெப்பத்தை வடக்கே சுமக்கும் அட்லாண்டிக் நீரோட்டத்தின் உந்துவிசைகளில் ஒன்று. நீரோட்டம் தளர்ந்தால் வட அரைக்கோளம் குளிர்ந்து, மழைப்பட்டை தெற்கே இறங்கும்; இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை மெலியும். ஒரே காரணத்திலிருந்து கிளம்பும் இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. 2004 முதல் அட்லாண்டிக்கின் குறுக்கே கருவிகள் பதித்து இந்த நீரோட்டத்தை அளந்துவருகிறார்கள். இந்த நூற்றாண்டில் அது பலவீனமடையும் என்பதில் விஞ்ஞானிகள் உறுதியாக இருக்கிறார்கள். முற்றிலும் அறுந்துபோகுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இரண்டு மழைக்கு நடுவே ஒரு மாவட்டம்

இந்தச் சங்கிலியின் மறுமுனையில், வட துருவத்திலிருந்து சுமார் 8,800 கிலோமீட்டர் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது. 1974இல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டம், பெரும்பாலும் பழைய தொண்டைமான் சமஸ்தானத்தின் செம்மண், சரளை மண் பூமி. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. தெற்கு வெள்ளாறும் பாம்பாறும் அம்புலியாறும் அக்கினியாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. அதனால்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், ஏரி, குளங்களை முன்னோர் வெட்டினார்கள். கண்மாயின் உள்ளே நின்று நீரையும் சேற்றையும் தனித்தனியே வெளியேற்றும் குமிழித் தூம்புகள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டுகளோடு இன்றும் இங்கே நிற்கின்றன. மழை நிச்சயமில்லை என்பது இந்த மண்ணுக்குத் துருவப் பனி உருகத் தொடங்கிய பிறகு தெரிய வந்த செய்தி இல்லை.

மாவட்டத்தின் நீர் இரண்டு வானங்களிலிருந்து வருகிறது. கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி வட்டாரங்களின் ஒரு பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. அங்கே வரும் தண்ணீர் குடகில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் நிரம்பி, வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்பட்டு, தஞ்சைப் பரப்பைக் கடந்து மிஞ்சினால்தான் நாகுடிக்கும் மும்பாலைக்கும் வந்து சேரும். திருமயம், பொன்னமராவதி, இலுப்பூர், குளத்தூர் பக்கமோ முழுக்க மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே வாழ்வு. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆழ்குழாய்க் கிணறு. அதன் நீரும் என்றோ பெய்த மழைதான்.

துருவப் பனி இழப்பு பற்றிய மாதிரி ஆய்வுகள் சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருந்திப் பார்க்கத்தக்கது. இரு துருவங்களிலும் கடற்பனி குறைந்துகொண்டே போனால், நெடுங்காலத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய கிழக்குப் பசிபிக் கடல் எல் நினோவை ஒத்த முறையில் சூடாகும் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. எல் நினோ ஆண்டுகளில் பொதுவாகத் தென்மேற்குப் பருவமழை குறையும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கூடும். அப்படியானால் ஒரே மாவட்டத்தின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு விதி. 2023 எல் நினோ ஆண்டு அதற்கு முன்னோட்டம் காட்டியது. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணை, நீரில்லாமல் அக்டோபர் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. கடைமடையில் பயிர் காய்ந்தது. பிறகு வந்த வடகிழக்குப் பருவமழையோ மாநில அளவில் சராசரிக்குக் குறையவில்லை. புதுக்கோட்டைக்கு ஒரே "காலநிலைத் திட்டம்" எழுதுகிறவர்கள் கால்வாய்ப் பகுதிக்கும் கண்மாய்ப் பகுதிக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கும்.

பனியின் மேல் பழி போடும் அவசரத்துக்கு 2016 ஒரு நல்ல பாடம். அந்த நவம்பரில் ஆர்க்டிக், அண்டார்டிக் இரண்டிலும் கடற்பனி அந்த மாதத்துக்கான பதிவுகளிலேயே மிகக் குறைவாக இருந்தது. அதே வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை சராசரியைவிட 62 விழுக்காடு குறைந்து, நூற்றாண்டுக்கு மேலான பதிவில் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்றானது. புதுக்கோட்டைக் கண்மாய்கள் காய்ந்து கிடந்தன. இரண்டையும் முடிச்சுப்போட்டால் விறுவிறுப்பான தலைப்பு கிடைக்கும். ஆனால், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி குளிர்ந்து கிழக்குப் பகுதி சூடாகும் எதிர்மறை இருமுனை நிலையும், பசிபிக்கில் வலுக்குறைந்த லா நினாவும் அந்த வறட்சியைப் பெருமளவு விளக்கிவிடுகின்றன. நான்கு ஆண்டு கழித்து, 2020 செப்டம்பரில், ஆர்க்டிக் பனி 2012க்கு அடுத்த இரண்டாவது குறைந்த அளவைத் தொட்டது. அந்த ஆண்டு மழை பொய்க்கவில்லை. மாறாக, 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, பருவம் தப்பிப் பெய்த பெருமழையில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் சாய்ந்து முளைத்தது. குறைந்த பனி ஒன்றுதான். விளைவு ஒரு முறை வறட்சி, மறு முறை வெள்ளம்.

வடகிழக்குப் பருவக்காற்றின் வேர் சைபீரியாவில் குளிர்காலத்தில் உருவாகும் உயர் அழுத்தத்தில் இருக்கிறது. இமயமலை அந்தக் குளிர்காற்றை நேரே இறங்கவிடுவதில்லை. அது கிழக்காசியா வழியாகத் தென்சீனக் கடலுக்கு வந்து, வங்கக்கடலில் ஈரம் ஏற்றிக்கொண்டு, வாடையாகவும் கொண்டலாகவும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளைத் தொடுகிறது. பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறையும் குளிர்காலங்களில் சைபீரிய உயர் அழுத்தம் வலுப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. வேறு சில ஆய்வுகள் அதைத் தற்செயல் என்கின்றன. மழையைத் தீர்மானிப்பது காற்றின் வேகம் மட்டுமில்லை, வங்கக்கடலில் எத்தனை தாழ்வுநிலைகள் உருவாகி எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதும்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நிலத்தின் மேலும் உடனே வலு இழந்துவிடாமல் மேற்கே நகர்ந்து புதுக்கோட்டையைச் சூறையாடியது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், மறமடக்கி என்று தென்னையும் பலாவும் வாழையும் பூந்தோட்டமுமாக இருந்த ஊர்கள் ஓர் இரவில் வெட்டவெளியாயின. மின்கம்பங்களை நட்டு வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. முப்பது ஆண்டுத் தென்னைக்கு அரசு எந்த நிவாரணம் கொடுத்தாலும் அது முப்பது ஆண்டாகாது. கஜா துருவப் பனியால் வந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. வங்கக்கடல் புயலின் திசையை, வடக்கே கடந்துபோகும் மேற்கத்திய காற்றலைகள் திருப்பிவிடக்கூடும் என்பது மட்டும் வானிலையாளர்கள் நன்கறிந்தது. துருவ வெப்பம் அந்தக் காற்றலைகளின் போக்கை மாற்றினால் புயல் தடங்களும் மாறலாம். இது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது.

உறுதியாகச் சொல்லத்தக்கது வேறொன்று. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த சுமார் 95 சென்டிமீட்டர், 2024 நவம்பர் 20இல் பாக் நீரிணையை ஒட்டிய ராமேஸ்வரத்தில் ஒரு நாளில் கொட்டிய 41 சென்டிமீட்டர் ஆகியவை மழை எப்படி மாறிவருகிறது என்பதைக் காட்டுகின்றன. புதுக்கோட்டையின் ஆண்டு மழையே 80, 90 சென்டிமீட்டரை ஒட்டியதுதான். ஆண்டு முழுவதற்குமான மழை ஒன்றிரண்டு நாளில் இறங்கினால் அதைப் பிடிக்கக் கண்மாயின் கொள்ளளவும் கலிங்கின் உறுதியும் வேண்டும்.

வரத்துவாரியில் நிற்கும் கேள்வி

இங்கேதான் துருவத்தைக் காட்டித் தப்பிக்கும் பேச்சு ஆபத்தாகிறது. மழை பெய்தும் கண்மாய் நிரம்பாத ஆண்டுகள் புதுக்கோட்டையில் ஏராளம். வரத்துவாரிகள் ஆக்கிரமிப்பில் போயிருக்கின்றன. சீமைக் கருவேலம் வாரியையும் உள்வாயையும் அடைத்து நிற்கிறது. வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகளில் எடுத்த வரப்புகள் ஓடிவரும் நீரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன என்று விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். காரா கடலில் பனி எவ்வளவு என்பது மாவட்ட ஆட்சியரின் கையில் இல்லை. கவிநாடு கண்மாய்க்கு வரும் வாரி அவர் கையில் இருக்கிறது. மழைநாள் குறைந்து மழைவேகம் கூடும் காலத்தில் வாரியின் அகலம் ஓர் அங்குலம் குறைவதும் இழப்பு. 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயும், வெள்ளக் காலத்தில் காவிரியின் உபரி நீரைத் திருப்புவதற்கான திட்டமே. பருவமழை ஒழுங்கு கெட்டு, வந்தால் வெள்ளமாக வரும் என்ற கணிப்பு மெய்யானால் அதன் பயன் கூடும். உபரியே வராத ஆண்டுகளில் அது வறண்ட வாய்க்கால்தான்.

கரையோரத்துக்கு வரும் விளைவு இன்னும் தெளிவானது. அண்டார்டிகாவில் கடற்பனி ஓர் அரணும்கூட. அலையின் வேகத்தை அது மட்டுப்படுத்துவதால், கண்டத்தின் விளிம்பில் மிதக்கும் பனித்தட்டுகள் உடையாமல் நிற்கின்றன. அந்தத் தட்டுகள் பின்னாலிருக்கும் நிலப்பனி கடலுக்குள் சரிவதைத் தடுக்கின்றன. அரண் விலகினால் நிலப்பனி வேகமாகக் கடலில் சேரும். அது கடல்மட்டத்தை உயர்த்தும். உலக சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகமெடுத்திருக்கிறது. இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. பெரும் பனிப்போர்வை தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்பும் குறைந்து, நீர் தொலைவுக்கு ஒதுங்குகிறது. கிரீன்லாந்துக் கரையில் கடல் இறங்கும்; நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். அந்தக் கடல்களில் பாக் நீரிணையும் ஒன்று.

கட்டுமாவடியிலிருந்து மீமிசலுக்குத் தெற்கு வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள புதுக்கோட்டைக் கரை தாழ்ந்தது. கடலும் ஆழம் குறைந்தது. கடல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே உப்புநீர் நிலத்தடியில் உள்ளே நகரும், புயல் அலை முன்னைவிடத் தொலைவு ஏறும். முத்துக்குடாவின் அலையாத்திக் காடு மண் படிந்து உயர்வதற்குக் கால அவகாசமும் பின்வாங்க இடமும் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். நீருக்கடியில் கடற்புல் படுகைகள் இருக்கின்றன. அவற்றை மேயும் கடற்பசுவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் முதல் முறையாக. கலங்கிய, சூடேறிய நீரில் கடற்புல் குறைந்தால் கடற்பசு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. புல்லுக்குள் குஞ்சு பொரிக்கும் இறாலும் மீனும் நாட்டுப்படகுக்காரர்களின் அன்றாடப் பிடிப்பு.

பொறுப்பின் கணக்கையும் அளந்து சொல்ல முடிகிறது. வெளியாகும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடும் செப்டம்பர் மாத ஆர்க்டிக் பனியில் சுமார் மூன்று சதுர மீட்டரை இல்லாமலாக்குகிறது என்று டிர்க் நோட்ஸும் ஜூலியன் ஸ்ட்ரோவும் 2016இல் கணக்கிட்டார்கள். இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு டன் அளவே வருகிறது. அமெரிக்கர் ஒருவருக்கு அதைப்போல ஏழு மடங்கு. அறந்தாங்கிக் கடைமடையின் சிறுவிவசாயி அந்த இந்தியச் சராசரிக்கும் கீழே இருப்பவர். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் மக்கள் நடத்திய நெடிய போராட்டம் ஊர் நிலத்தையும் நிலத்தடி நீரையும் காக்க எழுந்தது. ஆர்க்டிக் அங்கே பேசுபொருளாக இல்லை. ஆனால், தோண்டாமல் மண்ணிலேயே விடப்படும் எரிபொருள், எரியாத எரிபொருள். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டதன் மதிப்பு இந்தக் கணக்கிலும் வரும்.

கோடைப் பனி 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்குவதைத்தான் "பனியற்ற ஆர்க்டிக்" என்கிறார்கள். 2050க்கு முன் ஒரு செப்டம்பரிலாவது அந்த நிலை வந்துவிடும் என்று ஆறாம் மதிப்பீட்டறிக்கை கணிக்கிறது. அதை நோக்கிய ஆண்டுகளில் இந்தியாவின் அளவீடுகள் குறைவாக இருந்தாலும் இல்லாமலில்லை. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் ஹிமாத்ரி ஆய்வகம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. கோடையில் மட்டும் ஆளிருந்த அங்கே, 2023 டிசம்பர் முதல் குளிர்காலத்திலும் இந்திய ஆய்வாளர்கள் தங்கத் தொடங்கினர். அருகிலுள்ள காங்ஸ் ஃபியோர்டில் 2014இல் இறக்கப்பட்ட இண்டார்க் என்ற நீரடிக் கருவித்தொகுப்பை வடிவமைத்தது சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். துருவ நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பதன் நோக்கங்களில் இந்தியப் பருவமழையோடான தொடர்பைத் தேடுவதும் ஒன்று. 2022 மார்ச்சில் வெளியான இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கையிலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தத் தேடலில் ஒரு சாய்வு தெரிகிறது. ஆர்க்டிக்–பருவமழை ஆய்வுகள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையைப் பற்றியவை. நாட்டின் பெரும்பகுதிக்கு மழை அதுதான் என்பதால் இது இயல்பே. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைத் துருவப் பனியோடு பொருத்திப் பார்க்கும் வேலையைத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் வேளாண் வானிலை மையங்களும் செய்யாமல் வேறு எவரும் செய்யப்போவதில்லை. ஆர்க்டிக் பனியின் குறைந்தபட்ச அளவு செப்டம்பர் நடுவில் தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கும். நடுவிலுள்ள ஒரு மாதத்தில்தான் நாற்று விடுவதா, நேரடியாக விதைப்பதா, குறுகியகால நெல்லா, உளுந்தா என்று கண்மாய்ப் பாசனக்காரர் முடிவெடுக்கிறார். அந்த மாதத்தில் பசிபிக், இந்தியப் பெருங்கடல் நிலவரத்தோடு பேரன்ட்ஸ், காரா கடல்களின் பனியளவையும் சேர்த்தால் கணிப்பு சற்றேனும் மேம்படுகிறதா என்று சோதித்துப் பார்க்க நாற்பது ஆண்டுக்கு மேலான செயற்கைக்கோள் பதிவும் நூறாண்டுக்கு மேலான தமிழ்நாட்டு மழைப்பதிவும் கையில் இருக்கின்றன.